குதிரைக் கொழுப்புத் திசுக் குருத்தணுக்கள்

குதிரையின் தோலடிக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்து, பெரும்பாலும் அதே குதிரையின் தசைநாண் அல்லது மூட்டுக் காயத்துக்குள் செலுத்தப்படும் செல்கள் இவை. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய மூன்றாகவும் ஆய்வகத்தில் மாறக்கூடியவை. மனிதக் கொழுப்பில் இத்தகைய செல்கள் இருப்பதை பாட்ரீசியா ஜுக் குழுவினர் 2001-இல் விவரித்தனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே கலிஃபோர்னியாவின் வெட்-ஸ்டெம் நிறுவனம் கொழுப்புச் செல் சிகிச்சையைக் குதிரைகளுக்கான வணிகச் சேவையாக்கிவிட்டது. ஆராய்ச்சி பின்னால்தான் வந்து சேர்ந்தது.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் பந்தயக் குதிரையின் முன்னங்கால். முழங்காலுக்குக் கீழே, காலின் பின்புறமாக இறங்கும் மேல் மடக்குத் தசைநாண், முழு வேக ஓட்டத்தில் தன் நீளத்தில் சுமார் 16 சதவீதம் வரை நீள்கிறது. உட்பகுதியின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. இழைகள் பெரும்பாலும் நடுவில்தான் அறுகின்றன. அல்ட்ராசவுண்ட் குறுக்குவெட்டுப் படத்தில் அது கருத்த ஓட்டைபோலத் தெரியும். காயம் தானாகவே ஆறும். ஆனால் ஆறிய இடத்தில் மூன்றாம் வகைக் கொலாஜன் மிகுந்த தழும்புதான் இருக்கும். அதற்குப் பழைய மீள்தன்மை கிடையாது. மீண்டும் ஓடவிட்டால் மீண்டும் அறும்.

கொழுப்பை எடுப்பது எளிது. குதிரையைப் படுக்க வைக்க வேண்டியதில்லை. மயக்க ஊசி போட்டு நிற்க வைத்து, வாலடிக்குப் பக்கத்தில் மயிரை மழித்து, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சிறு கீறல் வழியாகச் சில கிராம் கொழுப்பை வெட்டி எடுப்பார்கள். உடம்பெல்லாம் தசையாக இருக்கும் பந்தயக் குதிரையிலும் அங்கே கொஞ்சம் கொழுப்பு தங்கியிருக்கும். குருத்தணுக்களுக்காக மார்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சுவதைவிட இது பலருக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அதன்பின் இரண்டு வழிகள். கொலாஜினேஸ் நொதியால் கொழுப்பைக் கரைத்து, மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி, அடியில் படியும் செல் கலவையை ஓரிரு நாளில் திருப்பிச் செலுத்துவது ஒன்று. அக்கலவையில் குருத்தணுக்கள் சிறு பங்கே. இரத்தநாளச் செல்களும் வெள்ளணுக்களும் கலந்திருக்கும். வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கி, குருத்தணுக்களை மட்டும் தருவது மற்றொன்று. இரண்டையும் ஒரே பெயரில் விற்பது இத்துறையின் பழைய குழப்பம்.

செலுத்திய செல்கள் புதிய தசைநாணாக மாறிவிடும் என்று தொடக்கத்தில் நம்பினார்கள். அடையாளமிட்டுச் செலுத்திப் பார்த்தபோது பெரும்பாலானவை விரைவில் மறைந்துவிடுவது தெரிந்தது. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, அந்த இடத்துச் செல்களைத் தூண்டுகின்றன என்பதே இன்றைய விளக்கம்.

சான்றுகள் கலவையானவை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆலன் நிக்சன் குழுவினர் 2008-இல் 8 குதிரைகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், கொழுப்புச் செல் கலவை பெற்ற தசைநாண்களின் இழைகள் நுண்ணோக்கியில் சீராக அடுக்கப்பட்டிருந்தன. அல்ட்ராசவுண்டில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. மூட்டுத் தேய்மானத்தில் கொழுப்புச் செல் கலவையை மஜ்ஜைச் செல்களோடு ஒப்பிட்ட கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வில், குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: ஊசி போட்ட குதிரைக்கு மாதக்கணக்கில் ஓய்வும், கையில் பிடித்து நடத்தும் பயிற்சியும் தருவார்கள். நல்ல ஓய்வு மட்டுமே பல குதிரைகளைத் தேற்றிவிடும் என்பதால், ஒப்பீட்டுக் குழு இல்லாத வெற்றிக் கதைகளுக்கு மதிப்புக் குறைவு.

வேற்றுக் குதிரையின் செல்களைத் தயாராக வைத்திருந்து பயன்படுத்தலாம். எனினும் திசுப் பொருத்தமின்மையால் எதிர்ப்பொருள்கள் உண்டாகலாம். செல் வளர்ப்பில் சேரும் மாட்டுச் சீரத்தின் எச்சமும் மூட்டு வீக்கத்தைக் கிளப்பக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் விலங்குச் செல் தயாரிப்புகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் குதிரைகளுக்கு 2019-இல் அனுமதித்த குருத்தணுத் தயாரிப்புகளான ஆர்ட்டி-செல் ஃபோர்ட்டே இரத்தத்திலிருந்தும், ஹோர்ஸ்டெம் தொப்புள்கொடியிலிருந்தும் பெறப்படுபவை; கொழுப்பிலிருந்து அல்ல.