கணப்பும் சட்டமும்: லண்டன் இல்லங்களில் நிலக்கரி (1577–1956)

இங்கிலாந்தின் நிலக்கரி வரலாறு பெரும்பாலும் நீராவி இயந்திரத்தோடும் ஆலைகளோடும் இணைத்தே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் லண்டனைப் பொறுத்தவரை அதனை முதன்முதலில் பேரளவில் எரித்தது ஆலையன்று, வீடு. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கணப்பில் விறகின் இடத்தை நிலக்கரி கைப்பற்றியது, நீராவி இயந்திரம் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஆகும். வீட்டின் கட்டமைப்போடு ஒன்றிவிட்டதனாலேயே இல்லப்புகை நெடுங்காலம் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறியமைக்குக் காடழிவினால் நேர்ந்த விறகுப் பஞ்சமே காரணம் என்பது ஜே. யு. நெஃப் 1932இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய கருத்தாகும். 1500இல் சுமார் 50,000 பேர் வாழ்ந்த லண்டனில் 1700இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். விறகின் விலை ஏறியதில் வியப்பில்லை. ஆனால் விலையை மட்டும் கொண்டு இம்மாற்றத்தை விளக்கிவிட இயலாது. பழைய வீட்டின் நடுக்கூடத்தில் தரைமீது விறகு எரிந்தது. புகை கூரைத் திறப்பின் வழியே மெல்ல வெளியேறியது. அதே தரையில் நிலக்கரியை இட்டால் அது நன்கு எரியாது. கந்தக நெடி வீட்டிலுள்ளோரை வெளியேற்றிவிடும். நிலக்கரித் துண்டுகள் நெருங்கிக் குவிந்திருக்க வேண்டும். அடியிலிருந்து காற்று ஏற வேண்டும். ஆகவே இரும்புக் கிராதி தேவை. புகையை விரைந்து இழுக்கும் குறுகிய புகைபோக்கியும் தேவை. எனவே நிலக்கரி வாங்குவதென்பது வீட்டையே மாற்றிக் கட்டுவதாக இருந்தது.

வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளிவந்த தம் இங்கிலாந்து வருணனையில், தம் ஊர் முதியோர் தங்கள் வாழ்நாளில் கண்ட மூன்று பெருமாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறிப்பிடுகிறார். பெருகிவந்த லண்டனில் புதிது புதிதாக எழுந்த வீடுகளே சோதனைக்களமாயின என்றும், ஒரு கொத்தனார் கண்ட நுட்பத்தை அடுத்தவர் எவ்விதத் தடையுமின்றிப் பின்பற்றினர் என்றும் ராபர்ட் ஆலன் விளக்குகிறார். நெஃபின் பஞ்சக் கோட்பாட்டினும் இவ்விளக்கம் வலுவுடையது. பஞ்சம் தேவையை உணர்த்தலாம். கிராதியை வடிவமைத்துத் தராது.

இவ்வாறு வீடுகள் மாறியபின் மீள்வது அரிதாயிற்று. உள்நாட்டுப் போரின்போது நியூகாசில் துறைமுகம் மன்னர் தரப்பின் வசமிருந்தமையால் 1643இல் லண்டனுக்குக் கடல்வழி வரும் கரி நின்றது. நகரைச் சூழ்ந்த நிலங்களில் மரம் வெட்ட நாடாளுமன்றம் ஆணையிட்டது. 1644 அக்டோபரில் ஸ்காட்லாந்துப் படை நியூகாசிலைக் கைப்பற்றிய பின்னரே தட்டுப்பாடு தணிந்தது. அரசின் கருவூலமும் கரியைச் சார்ந்தே நின்றது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் புனித பவுல் பேராலயம் நிலக்கரி வரியால் எழுப்பப்பட்டது என்பதும், எழும்பிய கட்டடத்தை அதே கரியின் புகை கறுப்பாக்கியது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

புகைக்கு எதிரான புகழ்பெற்ற முறையீடு 1661இல் ஜான் ஈவ்லின் எழுதிய 'ஃபியூமிஃபியூஜியம்'. அது சுட்டிய குற்றவாளிகள் மதுவடிப்போர், சாயத்தொழிலாளர், சுண்ணாம்பு சுடுவோர், சோப்புக் காய்ச்சுவோர் ஆகியோரே. வீட்டு அடுப்பின் புகையை அவர் பொருட்படுத்தவில்லை. பின்வந்த சட்டங்களும் இவ்வழியிலேயே சென்றன. 1853ஆம் ஆண்டுச் சட்டம் உலைகளைக் குறிவைத்தது. லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம் (1891) கரும்புகையைத் தண்டனைக்குரியதாக்கியபோது, தனியார் குடியிருப்பின் புகைபோக்கியை வெளிப்படையாகவே விலக்கியது. கணப்பைச் சுற்றிக் குடும்பம் அமர்வது ஆங்கிலேய இல்வாழ்வின் அடையாளமாகியிருந்தமையால் அதில் கைவைக்க எந்த அமைச்சரவையும் துணியவில்லை. 1945இல்கூட ஜார்ஜ் ஆர்வெல் செய்தித்தாள் கட்டுரையொன்றில், திறந்த கணப்பு வீணானது, அழுக்கானது என ஒப்புக்கொண்டே அதற்காக வாதிட்டார்.

இவ்விலக்கின் விலை 1952 டிசம்பரில் வெளிப்பட்டது. அம்மாதத் தொடக்கத்தில்தான் 'நட்டி ஸ்லாக்' எனப்பட்ட தரங்குறைந்த கரித்தூள் கலவை பங்கீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தது. 5 முதல் 9ஆம் நாள்வரை காற்றசைவின்றிப் புகைமூட்டம் நகரின்மேல் நின்றது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. அடுத்த மாதங்களில் தொடர்ந்த மிகை இறப்புகளை அரசு இன்ஃபுளுயன்சாவின் கணக்கில் எழுதியது. அவற்றையும் சேர்த்த பிற்கால ஆய்வுகள் 12,000 வரை கூறுகின்றன.

ஹியூ பீவர் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1956இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம், புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வீட்டுப் புகைபோக்கியையும் உட்படுத்தியது. தடை மட்டும் போதாது என்பதை அதனை இயற்றியோர் உணர்ந்திருந்தனர். கோக் போன்ற புகையில்லா எரிபொருளுக்கேற்பக் கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளாட்சி அமைப்பு வீட்டாருக்கு ஈடுசெய்தது. லண்டனில் இச்சட்டம் விரைந்து நடைமுறைக்கு வந்தது. வடபுலச் சுரங்க ஊர்களில் அவ்வாறில்லை. அங்குச் சுரங்கத் தொழிலாளர்க்கு ஊதியத்தின் ஒரு பகுதியாகவே வீட்டுக்கரி வழங்கப்பட்டு வந்தது.