கண் மங்கினால் உயிர் போச்சுதோ?
வீட்டு மின்கருவிகளின் சின்ன வெளிச்சங்களின் வரலாறு



இரவு படுக்கப் போகேக்கை வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒருக்கால் சுற்றிப் பாருங்கோ. இருட்டுக்குள்ளே தொலைக்காட்சிப் பெட்டியின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு, கசற் பெட்டியில் ஒரு பச்சைப் பொட்டு, குசினியில் சோறு காய்ச்சும் மின்பானையில் ஒரு செம்மஞ்சள் பொட்டு என்று சின்னச் சின்ன வெளிச்சங்கள் முழிச்சுக்கொண்டிருக்கும். கருவிக்கு உயிர் இருக்குது என்று எங்களுக்குச் சொல்வதே இவற்றின் வேலை.

இந்த வெளிச்சங்களுக்கும் வயது போகும். மங்கும், துடிக்கும், ஒருநாள் தெரியாமலே போகும். அப்போது எங்கட சனம் சொல்லுகிற தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: "உது பழுதாப் போச்சு, தூக்கி எறியுங்கோ." ஆனால் கண் மங்கினதாலே ஆள் செத்துப்போவதில்லை அல்லவா? அதுபோல வெளிச்சம் மங்குவது வேறு, கருவி சாவது வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அவை வந்த வரலாற்றைக் கொஞ்சம் அறிந்திருக்க வேணும்.

மின்குமிழில் தொடங்கிய கதை

தொடக்ககால வானொலிப் பெட்டிகளில் நிலையங்களின் பெயர் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மின்குமிழ் எரியும். அதற்குள்ளே இருப்பது தங்குதன் என்ற உலோகத்தாலான மெல்லிய இழை. இழை வெள்ளையாகக் காயும்போது அதிலிருந்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கரியைப்போலப் படியும். இழை மெலியும், கண்ணாடி கறுக்கும். பழைய குமிழ்கள் புகை பிடித்தது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு வழியும் இருந்தது. குமிழுக்குரிய மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுத்தால் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாகும், ஆனால் ஆயுள் மூன்று நான்கு மடங்காகக் கூடும். கொஞ்சம் மங்கலாக எரிகிற விளக்கு கனகாலம் எரியும் என்பது இந்தக் கதை முழுவதும் திரும்பத் திரும்ப வரும் ஒரு விதி.

பச்சைக் கண்

1930களில் வானொலி கேட்பவர்களுக்கு ஒரு கரைச்சல் இருந்தது. நிலையத்தைச் சரியாகப் பிடித்துவிட்டோமா, கொஞ்சம் தள்ளி நிற்கிறோமா என்று காதால் மட்டும் அறிவது கடினம். இதற்கு அமெரிக்கரான அலன் டுமொன்ட் கண்டுபிடித்த ஒரு சின்ன வெற்றிடக் குழாய் மருந்தானது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1935இல் இதை 6ஈ5 என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. மக்கள் வைத்த பெயர் "மாயக் கண்".

இக்குழாயின் தலையில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதில் ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். சூடாக்கிய நடுத்தண்டிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் கிண்ணத்தில் மோத, பச்சை வெளிச்சம் வரும். நடுவிலே விசிறிபோல ஒரு நிழல் விழும். நிலையம் பலமாகப் பிடிபட்டால் நிழல் ஒடுங்கும், பலம் குறைந்தால் விரியும். ஐரோப்பாவில் பிலிப்ஸ், கிறண்டிக், ரெலிபுங்கன் பெட்டிகளில் இந்தக் கண் பல ஆண்டுகள் இருந்தது.

இலங்கையில் 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமானது. 1949இல் அது "றேடியோ சிலோன்" ஆயிற்று. வால்வு றேடியோ இருந்த வீடுகளிலே சிற்றலையில் தூரத்து நிலையங்களைப் பிடிக்க முயன்றவர்களுக்கு அந்தப் பச்சைக் கண் நல்லாய் ஞாபகம் இருக்கும். சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி வருவதால் ஒருக்கால் ஓங்கும், ஒருக்கால் தேயும். அதற்கு ஏற்றபடி கண்ணும் மூடித் திறந்துகொண்டிருக்கும்.

ஆனால் வால்வுகள் எல்லாவற்றிலும் முதலில் கிழடாவது இந்தக் கண்தான். இலத்திரன்கள் இடைவிடாமல் மோதுவதால் ஒளிரும் பூச்சு களைத்துப் போகும். சில ஆயிரம் மணித்தியாலங்களில் பச்சை வெளிறி, பகலிலே பார்த்தால் ஒன்றும் தெரியாத நிலை வரும். பெட்டியோ முன்போலவே பாடிக்கொண்டிருக்கும்! இண்டைக்குப் பழைய வானொலிகளைத் திருத்துபவர்கள் பாவிக்காத மாயக் கண் குழாய்களை நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். சிலர் நிலையம் பிடிக்கும்போது மட்டும் கண் எரியும்படி ஒரு ஆளியைப் பூட்டிக் கண்ணைச் சிக்கனமாகப் பாவிக்கினம்.

நியோன் என்ற செம்மஞ்சள் சுடர்

1898இல் லண்டனில் வில்லியம் றம்சேயும் மொறிஸ் ட்றவேர்சும் நியோன் வாயுவைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ஜெனரல் இலக்றிக் நிறுவனத்தில் டானியல் மூர் என்பவர் 1917 அளவில் அதை அடைத்துச் சிறிய விளக்கு செய்தார். இதில் இழை இல்லை. இரண்டு உலோகக் கம்பிகளுக்கு இடையே வாயுவே ஒளிரும். மிகக் கொஞ்ச மின்சாரம் போதும். அதனாலே மின்னழுத்தி, மின்பானை, பல ஓட்டைப் பலகை என்று வீட்டு மின்சாரத்தில் நேராக வேலை செய்யும் பொருட்களில் இது புகுந்தது.

இதற்கும் முதுமை உண்டு. வாயுவின் அயன்கள் கம்பியில் மோத, உலோகத் துகள்கள் சிதறிக் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். விளக்குப் பற்றுவதற்கு வேண்டிய மின்னழுத்தமும் கூடிக்கொண்டு போகும். கடைசிக் காலத்தில் காற்றிலே அகப்பட்ட கைவிளக்குப்போலத் துடிக்கும்.

இங்கேதான் தாய்மார் கவனிக்க வேணும். நியோன் விளக்கு அணைந்தபடியால் மின்சாரம் இல்லை என்று நினைத்துப் பலகையிலோ மின்னழுத்தியிலோ கை வைக்கக்கூடாது. விளக்குச் செத்திருக்கும், மின்சாரம் உயிரோடு இருக்கும். முளையைக் கழற்றிய பிறகே தொடவேணும்.

பளிங்கில் பிறந்த வெளிச்சம்

இண்டைக்கு நாம் காணும் சிவப்பு, பச்சைப் பொட்டுகளில் பெரும்பாலானவை எல்.ஈ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருவாயிகள். இதன் கதை பழையது. 1907இல் மார்க்கோனி நிறுவனத்தில் வேலை செய்த ஹென்றி றவுண்ட், சிலிக்கன் காபைட் பளிங்கில் மின்சாரம் பாயும்போது மஞ்சள் வெளிச்சம் வருவதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார். பெரிதாக ஒருவரும் கவனிக்கவில்லை. 1920களில் ஒலெக் லோசெவ் என்ற ரஷ்ய இளைஞர் அதே வெளிச்சத்தைத் தானாகக் கண்டு, ஆராய்ந்து, 1927இல் விரிவாக வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிறாட் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, 1942 ஜனவரியில், அவர் பட்டினியால் இறந்தார். அப்போது வயது 38. முற்றுகை என்றால் என்ன என்று எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை அறிவை யுத்தம் மண்ணுக்குள் போட்டு மூடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

1962 அக்டோபரில் அமெரிக்காவில் நிக் ஹொலொன்யாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யைச் செய்துகாட்டினார். இவரது பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவின் கார்ப்பாத்திய மலைப்பகுதியிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள், தகப்பன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1968இல் பெருமளவு உற்பத்தி ஆரம்பமானது. 1972இல் வந்த எச்.பி.-35 கணிப்பானில் இலக்கங்கள் சிவப்பாக எரிந்தன. அதே ஆண்டில் ஜோர்ஜ் கிறவோர்ட் மஞ்சளைக் கொண்டுவந்தார். நல்ல பிரகாசமான நீலம் 1993இல்தான், ஜப்பானில் சூஜி நக்கமுராவின் கையால் வந்தது. அதற்கு வழி திறந்த இசாமு அக்கசாக்கி, ஹிறோசி அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எல்.ஈ.டி. குமிழைப்போலப் பட்டென்று அறுந்துபோவது குறைவு. மெல்ல மெல்ல மங்கும். பளிங்கில் உள்ள நுண்ணிய குறைகள் சூட்டாலும் மின்னோட்டத்தாலும் காலப்போக்கில் பெருகும். அந்த இடங்களில் மின்சாரம் ஒளியாக மாறாமல் வெப்பமாக வீணாகும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்ரிக் பிசினும், முக்கியமாக நீலத்திலும் வெள்ளையிலும், மஞ்சளாகும். வெளிச்சம் தொடக்க அளவில் 70 வீதத்துக்கு இறங்கும் காலத்தையே பொறியியலாளர்கள் அதன் ஆயுள் என்று கணக்கிடுவார்கள். எங்கட கண்ணோ வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் கொஞ்சந்தான் குறைஞ்சிருக்குது என்று சொல்லும். அதனாலே பல வருடங்கள் கழித்து, புதுக் கருவியைப் பக்கத்தில் வைக்கும்போதுதான் பழையதன் மங்கல் தெரியவரும்.

டெக்கின் நீலப்பச்சை இலக்கங்கள்

வீடியோ டெக், கசற் டெக் ஆகியவற்றின் முகப்பில் நேரத்தையும் ஒலியளவையும் காட்டிய நீலப்பச்சை எழுத்துகள் எல்.ஈ.டி. அல்ல. அது மாயக் கண்ணின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவான இந்தக் கண்ணாடித் தட்டுக்குள்ளும் வெற்றிடம், சூடான மெல்லிய இழை, ஒளிரும் பூச்சு மூன்றும் இருக்கும். நோயும் அதே நோய்தான். எப்போதும் எரியும் கோடுகள் முதலில் மங்கும், எப்போதாவது எரியும் கோடுகள் பளிச்சென்று நிற்கும். கூட உழைத்தவன் முதலில் களைக்கிறான்!

இரண்டு விதமான மங்கல்

மங்கல் எல்லாம் முதுமையல்ல. 1990இல் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பற்றரியும் தடைசெய்த பொருட்களில் ஒன்றாயிற்று. சனம் சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவை உழக்கி றேடியோ கேட்டது. அப்போது உழக்குகிற கால் களைத்தால் பெட்டியின் சிவப்புப் பொட்டு மங்கும், குரலும் தேயும். கால் விசைத்தால் இரண்டும் மீளும். அது மின்சாரம் போதாமையால் வந்த மங்கல்.

ஆகவே கணக்கு இதுதான். வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து குறைந்தால் மின்சாரத்தைப் பாருங்கோ. வெளிச்சம் மட்டும் வருடக்கணக்கில் குறைந்து சத்தம் நல்லாய் இருந்தால் விளக்குக்குத்தான் வயது போட்டுது, கருவிக்கல்ல.

ஏன் இதைச் சொல்கிறோம்?

1963இல் பிலிப்ஸ் அறிமுகம் செய்த கசற்றும், 1976இல் ஜப்பானில் வந்த வீ.எச்.எஸ். நாடாவும் எங்கட அகதி வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. தொலைபேசிக் காசு கட்டுப்படியாகாத காலத்தில் அம்மாவும் அப்பாவும் கசற்றிலே பேசி அனுப்பினார்கள். போகமுடியாத கலியாணங்களையும் செத்தவீடுகளையும் வீடியோவிலே பார்த்து அழுதோம். அந்தக் குரல்களுக்கும் முகங்களுக்கும் பல வீடுகளில் வேறு பிரதி கிடையாது.

கடைசியாக வீடியோ டெக் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இந்த நிலையில், முகப்பு வெளிச்சம் மங்கிவிட்டது என்பதற்காக ஓடக்கூடிய ஒரு டெக்கைக் குப்பையில் போடுவது ஆச்சியின் குரலைக் குப்பையில் போடுவதற்குச் சமன். எறிய முதல் ஒரு பழைய, தேவையில்லாத கசற்றைப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கோ. ஓடினால் நல்ல கசற்றுகளை உடனே கணினிக்கு மாற்றுங்கோ. நாடாவும் சாகாவரம் பெற்றதல்ல. ஓடாவிட்டால் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கோ. வால்வு றேடியோவை நீங்களே திறக்க வேண்டாம், முளையைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும்.

புத்தாண்டுக்கு வீடு துப்புரவாக்கும்போது அலுமாரியின் அடியில் கிடக்கும் அந்தப் பெட்டியை இம்முறை வெளியே எடுங்கோ. பொட்டு மங்கியிருக்கலாம். உள்ளே குரல் இருக்கும்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.