உமிழ்நீர்ச் சுரப்பியின் தீங்கற்ற கட்டிகள்: நோயறிதல்

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, காதின் முன்னும் கீழும் அமைந்த பரோடிட் சுரப்பியில் தோன்றுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. தாடைக்கீழ்ச் சுரப்பியில் வருவனவற்றில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கலாம். அண்ணத்திலுள்ள சிறு சுரப்பிகளில் இன்னும் கூடுதல். சுரப்பி சிறுக்கச் சிறுக்க ஐயம் பெருகும்.

காதடி வீக்கம் என்றாலே பொன்னுக்கு வீங்கி என்று பற்றுப் போட்டுவிடுவோர் உண்டு. அது சில நாளில் வலியோடு வீங்கி, இரண்டு வாரத்துக்குள் வடியும். தீங்கற்ற கட்டியோ வலியின்றி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, காது மடலைச் சற்றுத் தூக்கி நிறுத்தும். சாப்பிடும் வேளையில் மட்டும் வீங்கினால் கல் அடைப்பு என்று நினைக்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் நெறிக்கட்டியும் இந்த இடத்தில் வந்து மருத்துவரை ஏமாற்றும். முகம் ஒருபக்கம் கோணுதல், வலி, திடீர் வளர்ச்சி, அசையாத கட்டி ஆகியவை புற்றை நினைவூட்டும் அடையாளங்கள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் டேனரி, ஷூ கம்பெனித் தொழிலாளர்களுக்கு இத்தகைய வீக்கம் வந்தால் பழி முதலில் தோல்மீதுதான் விழும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தோல் தூசியைப் புற்றுக்காரணியாக வகைப்படுத்தியிருப்பது உண்மை; ஆனால் அது மூக்கறைப் புற்றைச் சார்ந்தது. தீங்கற்ற கட்டிகளுள் இரண்டாம் இடத்திலுள்ள வார்தின் கட்டிக்கு உறுதியாகத் தெரிந்த காரணம் புகைப்பழக்கம். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் தொழிலும் பரவலாக இருப்பதால், என்ன வேலை என்று கேட்பதோடு பீடி, சிகரெட் பற்றியும் கேட்பதே சரி.

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். அடுத்தது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் இது அன்றாட வேலை. முடிவை 2018இல் வெளியான மிலான் முறைப்படி ஆறு வகையாகப் பிரிப்பார்கள். ஆழம் தெரியாத கட்டிக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

கட்டியைக் கீறிச் சதை எடுத்துப் பார்ப்பது பொதுவாகக் கூடாது. மிக அதிகம் காணப்படும் பிளியோமார்ஃபிக் அடினோமாவின் உறை கிழிந்தால் செல்கள் சிதறி, பல ஆண்டு கழித்துப் பல கட்டிகளாக முளைக்கும். முகநரம்பும் பரோடிட் சுரப்பி வழியே செல்வதால், கீறும்போது அதுவும் காயப்படலாம். இக்கட்டியை நெடுநாள் விட்டுவைத்தாலும் புற்றாக மாறும் வாய்ப்பு ஏறுகிறது. எனவே ஊசி முடிவு தீங்கற்றது என்று சொன்னாலும் பெரும்பாலும் சுற்றுத்திசுவோடு அகற்றவே அறிவுறுத்துவர். முழுக் கட்டியையும் நோயியலாளர் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பெயர் உறுதியாகும்.