600 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மாத்திரை

எச்.ஐ.வி.ன்னு சொன்னா நம்ம வயசுக்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது புள்ளிராஜா விளம்பரம்தான். நோய் பத்தின பயம் நமக்கு நல்லாவே வந்து சேர்ந்துச்சு. மருந்து எப்போ வந்து சேர்ந்துச்சு? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தி.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமன்கிட்ட ஆய்வு மாணவியா இருந்தவங்க நிர்மலா. பாலியல் தொழில் செஞ்ச பெண்கள்கிட்ட ரத்த மாதிரிகளைச் சேகரிச்சு, சோதிக்க வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துட்டுப் போனாங்க. ஆறு மாதிரிகள்ல எச்.ஐ.வி. இருந்துச்சு. இந்தியாவுல முதன்முதலா உறுதியான பாதிப்புகள் அவைதான். ஆனா அந்த ஆறு பேருக்கும் கொடுக்க உலகத்துல எங்கேயும் மருந்து இல்ல. முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததே 1987 மார்ச்லதான்.

1996 வாக்குல மூணு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிற கூட்டு சிகிச்சை வந்துச்சு. மேலை நாடுகள்ல சாவு மளமளன்னு குறைஞ்சுது. விலை? ஒருத்தருக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கும் மேல. 2001-ல மும்பையோட சிப்லா நிறுவனம் அதையே 350 டாலருக்குத் தர்றோம்னு அறிவிச்சுது. இது எப்படி முடிஞ்சுது? நம்ம 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரல, அதைத் தயாரிக்கிற முறைக்கு மட்டும்தான் தந்துச்சு. வேற முறையில தயாரிச்சா தப்பில்ல. ஆனா 350 டாலர்ங்கிறது அன்னைய கணக்குல சுமார் 16,000 ரூபாய். உப்பளத்துல தினக்கூலிக்கு நிக்கிறவங்களுக்கு அதுவும் எட்டாத விலைதான்.

2004 ஏப்ரல் 1-ல மத்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்குச்சு. முதல் கட்டத்துல நாடு முழுக்க எட்டு மருத்துவமனைகள். அதுல ஒண்ணு, 1993-லேருந்தே எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கிட்ட தாம்பரம் சானடோரியம். மருந்து இலவசம், சரி. ஆனா தூத்துக்குடியிலேருந்து தாம்பரம் 600 கிலோமீட்டருக்கு மேல. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, நடுவுல ஒரு நாள் கூலி போச்சு. இந்த மாத்திரையை ஆயுசு முழுக்க, தினமும் எடுக்கணும். விட்டு விட்டு எடுத்தா வைரஸ் மருந்துக்குப் பழகிடும். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுறவர், விசைப்படகுல கடலுக்குப் போறவர் எத்தனை தடவை இப்படிப் போய்ட்டு வர முடியும்?

அதனாலதான் மாவட்டத்துக்கு மாவட்டம் ஏ.ஆர்.டி. மையம் வந்தது பெரிய விஷயம். இன்னைக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மருந்து கிடைக்குது. 2017-லேருந்து, நோய் முத்துற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், உறுதியானா உடனே சிகிச்சை. ஒழுங்கா மருந்து எடுத்து, டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு வைரஸ் குறைஞ்சு அப்படியே இருந்தா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது.

இப்போ மிச்சம் இருக்கிறது வேற தூரம். உள்ளூர் மையத்துல தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு, பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுறவங்க இன்னும் இருக்காங்க. 2018-ல நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி இந்தக் காரணத்துக்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதம் இல்லாம வெளியில சொல்லவும் கூடாது. ஆனா டீக்கடைப் பேச்சையும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பையும் சட்டம் வந்து திருத்தாது. அது நம்ம வேலை.

சந்தேகம் இருந்தா அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துல இலவசமா, ரகசியமா டெஸ்ட் எடுக்கலாம். இலவச உதவி எண் 1097. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.