கரண்ட் போனால் இறங்குமோ?

நல்லூரில் மாடிவீடு கட்டுகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்பது, "எந்த லிப்ற் நல்லது?" என்றுதான். கொழும்பில் கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் கேட்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து பேசிய மருமகன் கொம்பனிப் பெயர்களை வரிசையாகச் சொன்னான். "அது கிடக்கட்டும், உங்கட வளவுக் கிணற்றில மாரிக்குத் தண்ணி எவ்வளவு மேல வரும்?" என்று கேட்டேன். "லிப்ற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன மாமா?" என்றான்.

நிறைய இருக்கிறது. எதைக் கொண்டு பாரம் தூக்குவது என்ற கேள்வி இந்த ஊரில் முதலில் எழுந்தது கிணற்றடியில். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்திருந்த விடை, இன்று விற்பனைக்காரர் தரும் விடையைவிடத் தெளிவானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. பெய்கிற மழை செம்மண்ணைக் கடந்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது. அதை மேலே தூக்கினால்தான் குடிக்கலாம், பயிர் செய்யலாம். தூக்குகிற கருவி இடத்துக்கு இடம் மாறியது. குளிக்கவும் சமைக்கவும் அள்ளுகிற வீட்டுக் கிணற்றுக்கு ஒரு கப்பியும் கயிறும் வாளியும் போதும், அல்லது பின்பக்கம் கல்லுக் கட்டிய சின்னத் துலா. தனியாளே இழுத்துவிடலாம். புகையிலை, வெங்காயம், மிளகாய் என்று நாள் தவறாமல் இறைக்க வேண்டிய தோட்டத்துக்கு, ஆள் ஏறி மிதிக்கிற பெரிய துலா. மாடு வைத்திருந்த வசதியானவர்கள் சிலர் சூத்திரக் கிணறு போட்டார்கள். மாடு சுற்றி நடக்க, பல்சக்கரம் சுழன்று, சங்கிலியில் கோத்த வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவரும். எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர், தூக்க யார் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்துத்தான் தெரிவு. அயல் வீட்டில் சூத்திரம் இருக்கிறதே என்று எவரும் சூத்திரம் போடவில்லை.

பெரிய துலாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிணற்றடியில் இரண்டு ஆடுகால்கள். வெட்டி நட்ட மரமாகவும் இருக்கும், வேரோடு நிற்கிற பூவரசாகவும் இருக்கும். அவற்றுக்குக் குறுக்கே அச்சுலக்கை. அதன்மேல் நீண்ட பனந்துலா. நுனியிலிருந்து துலாக்கொடி தொங்க, அதன் முனையில் பனையோலையில் இழைத்த பட்டை. மிதிக்கிறவர் துலாவின்மேல் நுனிப் பக்கமாக நடந்தால் நுனி தாழ்ந்து பட்டை தண்ணீருக்குள் போகும். அடிப் பக்கமாகத் திரும்பி நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். கீழே நிற்கிறவர் கொடியைப் பிடித்து இறக்கி, ஏற்றி, பட்டையைக் கவிழ்க்க, தண்ணீர் வாய்க்காலில் ஓடும். இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தி மாற்றுவார். 1859இல் வந்த தமது இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட் யாழ்ப்பாணத் தோட்டங்களையும் இந்த இறைப்பையும் பற்றி எழுதியிருக்கிறார். வெளியூர்க் கண்ணுக்கு அது வித்தை. மிதித்தவர்களுக்கோ விடியமுன் தொடங்குகிற வேலை. கால் தவறினால் கை கால் முறியும்.

அந்தத் துலாவின் தத்துவம்தான் கயிற்று லிப்ற்றின் தத்துவம். லிப்ற் பெட்டிக்கு எதிர்ப்பக்கம், கண்ணில் படாமல், ஓர் எதிர்ப்பாரம் தொங்கும். பெட்டியின் எடையோடு, அது ஏற்றக்கூடிய சுமையில் நாற்பது முதல் ஐம்பது வீதத்தையும் சேர்த்த எடை. ஆகவே மோட்டர் முழுப் பாரத்தையும் தூக்குவதில்லை, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் தூக்குகிறது. துலாவில் அந்த எதிர்ப்பாரம் ஒரு மனிதர்.

அந்த மனிதர் யார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. இறைத்த கூலியாட்களில் பலர், தாங்கள் இறைத்த கிணற்றிலேயே உரிமையோடு அள்ளிக் குடிக்க முடியாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். மேல்சாதியார் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற காலத்தைக் கே. டானியல் 'தண்ணீர்' நாவலில் எழுதினார். துலாவைப் பற்றிப் பெருமை பேசும் எங்கள் ஊர்க் கட்டுரைகள் பல இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது, மின்மோட்டர் வந்தது, துலாக்கள் விறகாயின. 1990இல் போர் மீண்டும் மூண்டு, மின்சாரம் நின்று, எரிபொருளுக்கும் தடை வந்தபோதுதான் பழையதன் அருமை தெரிந்தது. மோட்டர் பூட்டிய கிணறுகளின் கட்டில் மறுபடி கப்பி ஏறியது. கப்பிக்குக் கரண்ட் வேண்டாம்.

லிப்ற் ஏன் எங்களுக்கு இவ்வளவு பிந்தியது என்றால், தூக்கிச்செல்ல மேல்மாடி இருக்கவில்லை. நல்லூர் வீடு என்றால் நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடு. அது அகலத்தில் வளரும், உயரத்தில் வளராது. கோபுரத்துக்கு மேலே குடியிருப்பு எழும்பக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு. உயரம் சுவாமிக்குரியது. கந்தசுவாமி கோயில் தேருக்குச் சண்முகர் ஏறுவதும் தேர்முட்டிப் படிகளில், அடியார் தோள்களில்தான்.

வெளியுலகில் கதை வேறு. 1854இல் நியூயோர்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் மேடையில் ஏறி நின்று, தன்னைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை, அவர் செய்த தடுப்பு அதைப் பிடித்துக்கொண்டது. கயிறு அறுந்தாலும் விழாது என்று கண்ணால் கண்ட பிறகே சனம் துணிந்து ஏறியது. 1880இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் சீமென்ஸ் மின்லிப்ற்றைக் காட்டினார். மாடிகள் உயர்ந்தன.

இங்கே போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் உயரமான மாடிகள் எழும்பத் தொடங்கின. அவற்றுள் பெரியது யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியாவின் நன்கொடையில் எழுந்த பண்பாட்டு மையம், இப்போது யாழ்ப்பாணம் திருவள்ளுவர் பண்பாட்டு மையம். அறுநூறு பேருக்கு மேல் இருக்கக்கூடிய மண்டபமும் பதினொரு மாடிக் கோபுரமும் கொண்டது. 2022 மார்ச் 28 அன்று அது இணையவழியாகத் திறந்துவைக்கப்பட்டது. அதே கிழமையில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. பதினொரு மாடிக்குத் திறப்புவிழா, வீட்டில் மெழுகுதிரி.

எங்கள் மின்சாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. போர்க்காலத்தில் தேசிய மின்வலையிலிருந்து பிரிந்து, குடாநாடு நெடுங்காலம் டீசல் எந்திரங்களில் ஓடியது. சுன்னாகத்து மின் உற்பத்தியின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. 2019இல் உயர்நீதிமன்றம் கிணற்றுச் சொந்தக்காரருக்காக இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. பட்டையால் அள்ளிய தண்ணீரில் எண்ணெய் மிதந்ததாக நான் ஒரு கதையிலும் கேட்டதில்லை.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னவை இவை. பத்து மாடிக்கு எதிர்ப்பாரம் வைத்த கயிற்று லிப்ற்றைத் தவிர வேறு பேச்சில்லை. வேகமும் சிக்கனமும் அதில்தான். மூன்று மாடி வீட்டுக்கு எண்ணெய் அழுத்தத்தில் ஏறுகிற ஹைட்ரோலிக்கையும் யோசிக்கலாம். அதில் பெரும்பாலும் எதிர்ப்பாரம் இல்லை, ஏறும்போது முழுப் பாரத்தையும் பம்ப் தூக்க வேண்டும், மோட்டர் பெரிது, மின்கட்டணமும் கூடும். ஆனால் கரண்ட் போனால் ஒரு வால்வைத் திறந்துவிட, பெட்டி தன் பாரத்திலேயே மெல்லக் கீழே இறங்கிவிடும். கயிற்று லிப்ற்றுக்கு அந்த நேரம் மின்கலத்தில் இயங்கி அருகிலுள்ள மாடியில் கொண்டுபோய் நிறுத்தும் ஏற்பாடு தேவை. விலையைக் குறைக்கிறேன் என்று முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும். விடாதே என்றேன்.

கிணற்றுக் கேள்வி கிடங்குக்காக. வழமையான லிப்ற்றுக்கு நிலமட்டத்துக்குக் கீழே நாலைந்து அடியாவது கிடங்கு வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நல்லூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். கிடங்கைச் சீமெந்தில் தொட்டிபோல் நீர்புகாமல் கட்டாவிட்டால் நீ கட்டுவது இன்னொரு கிணறு. குறைந்த கிடங்கோடு வருகிற சின்ன வீட்டு லிப்ற்றுகளும் உண்டு. மெதுவாகத்தான் போகும், வீட்டுக்குள் என்ன அவசரம்?

"அம்மாவுக்காகத்தான் மாமா, முழங்கால் ஏலாது" என்றான். அப்படியென்றால் அம்மாவின் அறையைக் கீழே வை, அதற்கு ஒரு சதமும் மேலதிகம் இல்லை என்றேன். அவன் அதை விரும்பவில்லை, மேலிருந்து கோபுரம் தெரியுமாம். சரி, போடு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுதல் ஒன்று கேள். துலா முறிந்தால் ஊர்த் தச்சர் அன்றைக்கே வந்துவிடுவார். லிப்ற் நின்றால் வருகிறவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா, கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் நானூறு கிலோமீற்றர் வர வேண்டுமா? அவர் வரும்வரை பெட்டியைக் கையால் இறக்க வீட்டில் யாருக்குப் பழக்கித் தருவார்கள்? இரண்டுக்கும் விடையை எழுத்தில் வாங்கு.