வன்னியில் துருவேறிய லாண்ட் றோவரை மீட்டெடுத்தல்: திட்டமிடல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

இலங்கையின் வடக்கே வன்னியில் கராஜ்களின் பின்வளவுகளிலும் வயற்கரைக் கொட்டில்களிலும் நாலு சில்லும் இழுக்கும் பழைய வண்டிகள் இன்னும் துருவேறிக் கிடக்கின்றன. காட்டுப் பாதை, குளக்கட்டு, சேற்று வயல் எதற்கும் தளராதவை என்பதற்காக வாங்கப்பட்டவை. அவற்றுள் ஒரு வகையை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது: 1958 முதல் 1985 வரை இரண்டாம், மூன்றாம் தொடர்களாக வெளிவந்த லாண்ட் றோவர். எந்த ஆண்டின் வண்டியை மீட்கப் போகிறோம் என்று முடிவெடுத்த பிறகே ஸ்பனரைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். வேறு ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான்: தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஆண்டு. வன்னியில் அந்த விடை போதாது.

2. இரண்டு உலோகங்கள்

றோவர் நிறுவனத்தின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸில் அங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதன் இடத்துக்கு வேறொரு பண்ணை வண்டி வேண்டும் என்ற எண்ணமே 1948 ஏப்ரல் 30 இல் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதல் லாண்ட் றோவராக வெளிப்பட்டது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குத் தகடு பங்கீட்டில் இருந்தது. ஆகவே உடற்தகடுகள் அலுமினியக் கலப்பு உலோகத்தில் அமைந்தன. சசி என்று கராஜில் சொல்லப்படும் அடிச்சட்டமோ உருக்குத் தகடுகளைப் பெட்டி வடிவில் ஒட்டிச் செய்யப்பட்டது. சாரதியின் கால்மாட்டுச் சுவரும் உருக்குத்தான்.

மீட்பவர் ஏமாறும் இடம் இது. வெளித்தகடு துருப்பிடிப்பதில்லை, நிறம் மங்கி, நெளிந்து, ஆனாலும் முழுதாக நிற்கும். சேறும் ஈரமும் புகுந்து தங்கும் பெட்டிச் சட்டம் உள்ளிருந்து வெளியே அரிபடும். அலுமினியமும் உருக்கும் முட்டும் இடத்தில் ஈரம் நின்றால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். எனவே வண்டியை வாங்கப் போகிறவர் கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன் கீழே படுக்க வேண்டும். சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டு போனால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். அரிபட்ட இடம் மந்தமாகத் தட்டுப்படும், சிலவேளை சுத்தியல் உள்ளேயே போய்விடும். பின் குறுக்குச் சட்டம், கால்மாட்டுச் சுவரின் அடி, ஸ்பிறிங் தாங்கிகள் ஆகிய மூன்றையும் தட்டாமல் விலை பேசக் கூடாது.

3. வன்னியின் துரு

3.1 மழையும் மண்ணும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டுகிறது. மிகுதி மாதங்கள் காய்ச்சல். நனைந்த சேறு பெட்டிச் சட்டத்துக்குள் இறுகி, அடுத்த மாரியில் மீண்டும் ஈரம் குடிக்கிறது. இரணைமடுப் பக்கத்துச் செம்மண் துருவின் நிறத்திலேயே இருப்பதால் கழுவாமல் எதையும் மதிப்பிட முடியாது.

3.2 கடல். முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரையோரம் நின்ற வண்டியில் உப்பு மடிப்புகளுக்குள் ஏறியிருக்கும். அந்த உப்பை நன்னீரால் பலமுறை கழுவி வெளியேற்றாமல் மேலே பூசும் எந்தப் பூச்சும் நிலைக்காது.

3.3 போர். உள்நாட்டுப் போர் முடிந்த 2009 மே வரையான மாதங்களில் இடம்பெயர்ந்த மக்கள் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை வண்டிகளை வழிநெடுகக் கைவிட்டார்கள். எரிந்த வண்டியில் அலுமினியத் தகடு உருகியிருக்கும். உருகாத தகடும் தன் விறைப்பை இழந்திருக்கும். தீயில் கிடந்த அடிச்சட்டம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும், மூலைவிட்டமாக நூல் பிடித்து அளந்தால்தான் கோணல் தெரியும். ஷெல் துண்டு துளைத்த ஓட்டைகளை விளிம்பு வெட்டாமல் ஒட்டக் கூடாது. விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். கண்ணிவெடி அகற்றப்படாத நிலத்தில் கிடக்கும் வண்டியை யாரும் அசைக்கவே கூடாது. முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்ததை மறந்துவிட்டு எந்த வண்டிக்கும் ஆசைப்பட வேண்டாம்.

4. தடைக்காலத் திருத்தங்கள்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது முதல் 2002 போர்நிறுத்தம் வரை எரிபொருள், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தன. பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிரித்தானியாவின் பழைய ஃபேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும் இதே முறையில் ஓடியதுதான். ஆனால் அது அந்த எரிபொருளுக்கென்றே குறைந்த அழுத்த விகிதத்தோடு செய்யப்பட்ட எஞ்சின். வன்னி மெக்கானிக் பெற்றோல் எஞ்சினிடம் அந்த வேலையைக் கேட்டார். தட்டல் வராதிருக்கப் பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளினார். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்ததால், ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு.

இன்று அப்படி ஓடிய எஞ்சினைத் திறப்பவர் தேய்ந்த சிலிண்டர்களையும் வால்வுகளில் தடித்த கரியையும் காண்பார். அருகிலேயே சிறு பெற்றோல் போத்தலுக்கான தாங்கி, கையால் வளைத்த செப்புக் குழாய், எரிபொருளை மாற்றும் குழாய்ப் பூட்டு ஆகியவை மிஞ்சியிருக்கலாம். இவற்றைக் கழற்றி எறிவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். கிடைத்ததைக் கொண்டு ஒரு சமூகம் தன்னை இயக்கிக்கொண்ட பொறியியல் அறிவு இது; எந்தத் தொழிற்சாலைக் கையேட்டிலும் இதற்கு வரைபடம் கிடையாது.

5. எந்த ஆண்டு?

எந்த ஆண்டின் வண்டியை மீட்பது என்ற கேள்விக்கு இரண்டு எதிர்முனைகள் உண்டு. ஒரு முனையில், ஆனையிறவில் ஏ9 வீதியோரம், 1991 யூலைச் சமரில் அழிக்கப்பட்ட கவச புல்டோசர் இராணுவ நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஓடும் நிலைக்கு அதைக் கொண்டுவர எவரும் முயலவில்லை; சிதைவுதான் அங்கு சாட்சி. மறுமுனையில், டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்புவுக்கு ஏறும் 1950களின் லாண்ட் றோவர்கள் இன்றும் பயணிகளைச் சுமக்கின்றன. உழைப்பதே அவற்றின் வாழ்வு என்பதால் அங்கே எஞ்சின் மாற்றுவதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

வன்னி வண்டிக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைப் பரிந்துரைக்கிறேன். அடிச்சட்டம், பிறேக், ஸ்ரியறிங் மூன்றிலும் சமரசமின்றிப் புதுப்பிக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டவை அவை. எஞ்சினைப் பெற்றோலுக்குத் திருப்பி, மண்ணெண்ணெய் அமைப்பை இணைப்புத் துண்டித்து, இருந்த இடத்திலேயே விடலாம். தகடுகளின் நெளிவையும் ஒட்டுகளையும் மெழுகி மறைக்க வேண்டியதில்லை.

6. வேலையின் ஒழுங்கு

சித்திரை, வைகாசியில் கழற்றித் துரு நீக்கி ஒட்டு வேலையை முடித்துவிடுவது நல்லது. சிறு உருக்குப் பாகங்களை மின்பகுப்பு முறையில் துரு நீக்கச் சலவைச் சோடாக் கரைசலும் பற்றறிச் சாஜரும் போதும். அலுமினியத்தை அதில் இடவே கூடாது, கரைந்துவிடும். சோளகம் வீசத் தொடங்கினால் செம்புழுதி ஈரப் பூச்சில் ஒட்டும். பூச்சுக்கு மூடிய கொட்டிலும் விடியற்காலையும் தேவை. ஐப்பசி மழைக்குமுன் பெட்டிச் சட்டத்துக்குள் மெழுகு விசிறி முடித்திருக்க வேண்டும். கழிவு ஒயில் அடிப்பது மலிவான வழக்கம்தான், ஆனால் அது றப்பர் புஷ்களை ஊதச் செய்யும்.

7. இலக்கமும் உரிமையும்

கட்டுரையில் கடைசியாக வந்தாலும் வேலையில் முதலாவது இது. இரண்டாம், மூன்றாம் தொடர்களில் சசி இலக்கம் முன் வலது ஸ்பிறிங் தாங்கியில் அடிக்கப்பட்டிருக்கும். துரு அதிகம் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே கிறைண்டர் வைத்தால் இலக்கமும் துருவோடு போய்விடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கைப் பிரஷ்ஷால் தேய்த்து, தாள் வைத்துப் பென்சிலால் படியெடுக்க வேண்டும். அந்தப் படியைப் பதிவுச் சான்றிதழோடும், தேவைப்பட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடும் ஒப்பிட்ட பிறகே செலவு தொடங்கலாம். 2009 க்குப் பின் கைமாறிய வண்டியென்றால், இலக்கத்தைக் கொண்டு பழைய உரிமையாளரையோ அவர் குடும்பத்தையோ தேடிப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் மிஞ்சியிருந்து வண்டியைக் கேட்டால், திட்டம் அவருடைய விருப்பத்திலிருந்து மறுபடி எழுதப்படும்.