கதர் அணிந்த மருத்துவரும் காளாஞ்சகப்படையும்



சில மாதங்களுக்கு முன் ஆண்டு 4 மாணவன் ஒருவனின் முழங்கைகளில் வெள்ளிச் செதில்கள் படர்ந்த சிவந்த படை தோன்றியது. தோல் நோய் நிபுணர் அதனைச் சொரியாசிஸ் என்றார். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பர். பக்கத்து இருக்கைப் பிள்ளையின் தாயார் என்னிடம் வந்து, "சார், இது ஒட்டிக்குமா? எம்பிள்ளைய வேற இடத்துல உட்கார வைங்க" என்றார். ஒட்டாது என்றேன். அவர் நம்பவில்லை. அன்றிரவு இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்தத் தாயாரின் அச்சம் மிகப் பழையது. இடைக்கால ஐரோப்பாவில் சொரியாசிஸ் உடையோர் பலர் தொழுநோயாளர் எனக் கருதப்பட்டு ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோயைத் துல்லியமாக விவரித்த ஆங்கில மருத்துவர் இராபர்ட் வில்லன்கூட, இதன் ஒரு வகைக்குத் தொழுநோயைக் குறிக்கும் பெயரையே இட்டார். 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா அப்பெயரை நீக்கி இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். இது தொற்றாத நோய் என உலகச் சுகாதாரப் பேரவை தீர்மானத்திலேயே குறிப்பிட்டது 2014ஆம் ஆண்டில்!

மருந்துகளின் கதை இன்னும் வியப்புக்குரியது. பல மருந்துகள் வேறு நோயைத் தேடிச் சென்றவர்களின் கையில் தற்செயலாகக் கிடைத்தவை. பிரேசில் நாட்டு மரமொன்றின் தூள் போர்த்துக்கீசியர் வழியே கோவாவுக்கு வந்து, 'கோவாப் பொடி' என்னும் பெயரில் படர்தாமரைக்குப் பூசப்பட்டது. அது சொரியாசிஸையும் தணிப்பதை 1876இல் இலண்டன் மருத்துவர் பால்மன்னோ ஸ்கொயர் எடுத்துரைத்தார். முதல் உலகப் போரின்போது, 1916இல், ஜெர்மானியர் அதற்கு மாற்றாக டித்ரனாலை உருவாக்கினர். தோலையும் துணியையும் கறையாக்கும் மருந்து அது. 1985இல் ஜப்பானில் எலும்பு நோய்க்கு வைட்டமின் டி வகை மருந்து உட்கொண்டவரின் படை மறைய, அதிலிருந்து இன்றைய களிம்புகள் பிறந்தன.

என்னை மிகவும் நெகிழச் செய்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. (மாணவரின் உடையைப் பார்த்து மதிப்பெண் இடும் ஆசிரியர் எக்காலத்தும் உண்டு போலும்.) பின்னர் அமெரிக்கா சென்று, லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் நடத்திய குழு அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உருவாக்கியது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கே அமினோப்டெரின் முதலில் கொடுக்கப்பட்டது. 1951இல் மூட்டுவாத நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்த கப்னர் என்னும் மருத்துவர், சிலரின் சொரியாசிஸ் படையும் மறைவதைக் கண்டார். சுப்பாராவ் 1948இலேயே மறைந்துவிட்டார்.

காரணம் எளிது. இயல்பாக ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படும் மேல்தோல், இந்நோயில் சில நாள்களிலேயே பெருகிக் குவிகிறது. மெத்தோட்ரெக்சேட் அப்பெருக்கத்தையும் அதனைத் தூண்டும் எதிர்ப்பாற்றலின் மிகையையும் அடக்குகிறது. இன்றும் கடுமையான நிலையில் அது தரப்படுகிறது. ஆனால், வாரம் ஒரு முறை மட்டுமே. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலையும் இரத்தத்தையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். கருவுற்றோர் தொடவே கூடாது. அதனாலும் அடங்காதோருக்குப் புற ஊதா ஒளிச் சிகிச்சையும், 2000க்குப் பின் வந்த உயிரியல் ஊசி மருந்துகளும் உள்ளன. முற்றாகக் குணமாக்கும் மருந்து எதுவுமில்லை. அப்படிச் சொல்லி விற்கும் விளம்பரங்களைப் பெற்றோர் நம்ப வேண்டாம்.

நம் மாணவனுக்குக் களிம்பே போதுமானதாக இருக்கிறது. அவனுடைய பாட்டி வெட்பாலை இலைகளைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைக்கிறார். எண்ணெய் ஊதா நிறமாகிவிடுகிறது. மருத்துவரிடம் கேட்டுவிட்டே பூசுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுவாரம் அந்தத் தாயாரை அழைத்து, ஹெப்ராவின் கதையையும் சுப்பாராவின் கதையையும் சொன்னேன். நெடுநேரம் கேட்டார். "சரி சார், அங்கயே உட்காரட்டும்" என்றார். இருவரும் இப்போது ஒரே மேசையில்தான் அமர்ந்திருக்கின்றனர்.